கடற்காற்றும் மோட்டார் வண்டியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனக்குடாப் பகுதியிலே பிரயாணம் செய்பவர்கள், மரங்களுக்கு இடையே வட்ட வடிவமாய் உயர்ந்து நிற்கும் இரும்புத் தாங்கிகளைக் கண்டிருப்பார்கள். பிரித்தானியக் கடற்படையின் கப்பல்களுக்கு வேண்டிய எண்ணெயைச் சேமித்து வைப்பதற்காக, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே கட்டப்பட்டவை அவை. எஞ்சியிருப்பவை தொண்ணூற்றொன்பது. இவற்றுள் கீழ்த் தொகுதியைச் சேர்ந்த சில தாங்கிகள் 2003ஆம் ஆண்டு முதல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்து எரிபொருளைத் தாங்கி வந்திருக்கின்றன. மேல் தொகுதியில் உள்ள எண்பதுக்கு மேற்பட்டவையோ பல தசாப்தங்களாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தன. கறள் ஏறிற்று, சுற்றிலும் காடு வளர்ந்தது. அவற்றுள் அறுபத்தொன்றைச் சீர்ப்படுத்திப் பயன்படுத்துவதற்கென 2022ஆம் ஆண்டு சனவரியில் ஓர் உடன்படிக்கை செய்ய வேண்டியதாயிற்று. ஒரே காலத்து இரும்பு, ஒரே கடற்காற்று, ஒரே மழை. ஒரு பகுதிக்குக் கவனிப்புக் கிடைத்தது; மறு பகுதிக்குக் கிடைக்கவில்லை. வேற்றுமை அவ்வளவுதான்.

நாம் எழுதப் புகுந்தது எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியன்று. வீட்டு முற்றத்திலே நிற்கும் காரைப் பற்றி. கடலோரத்தில் வாழும் குடும்பங்களுக்கு இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று தூரமானவை அல்ல.

கார் என்பது இன்று ஆடம்பரப் பொருள் என்ற நிலையைக் கடந்துவிட்டது. அதே சமயம், கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணக்கூடிய பொருளாகவும் அது நம் நாட்டில் என்றும் இருந்ததில்லை. 1960களிலும் 1970களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் இருபது முப்பது ஆண்டுகள் ஓடின. அவை ஓடியதற்குக் காரணம் சொந்தக்காரர்கள் அவற்றை ஓட வைத்தமைதான். பின்னர் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதியிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியதை எல்லோரும் அறிவர். கார் வைத்திருந்த ஒவ்வொரு குடும்பமும், உள்ளதைக் கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியிருந்தது.

பணத்தை விட்டாலும் இன்னொன்று உண்டு. திருகோணமலையிலிருந்து கந்தளாய் வழியாக ஹபரணைக்குச் செல்லும் வீதி ஏறத்தாழ 85 கிலோமீற்றர் நீளமானது. அதன் பெரும்பகுதி காடு. யானைகள் குறுக்கிடும் இடங்களும் உண்டு. நள்ளிரவில், நோயாளி ஒருவரைப் பின் ஆசனத்தில் படுக்க வைத்துக்கொண்டு அவ்வீதியால் போகிற வேளையில், அற்ப விலையுள்ள ஒரு றப்பர்க் குழாய் வெடித்துக் கார் நின்றுவிடுமானால், நட்டம் அவ்விலையோடு போகாது.

ஆகவே, கடற்கரை ஊரிலே காரை எவ்வாறு பேணுவது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். காருடன் தரப்படும் கைந்நூலில், சாதாரணப் பாவனைக்கு ஓர் அட்டவணையும் கடுமையான பாவனைக்கு வேறோர் அட்டவணையும் அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். உப்புக் காற்று, தூசி, வெப்பம், குறுந்தூர ஓட்டம் ஆகியவை இரண்டாவது அட்டவணைக்கு உரியவை. திருகோணமலையில் இந்நான்கும் உண்டு. ஆதலால் நம்மவர்கள் நோக்க வேண்டியது இரண்டாவது அட்டவணையையே.

முதற் பகைவன் உப்பு. நகரை அடுத்த ஊருக்கு உப்புவெளி என்று பெயர் வைத்த முன்னோர், காரைக் காணாதவர்களாயினும் காற்றை அறிந்தவர்கள். இரும்பும் நீரும் ஒட்சிசனும் சேர்ந்தால் கறள் பிடிக்கும் என்பது பள்ளிப் பாடம். நீரில் உப்புச் சேரும்போது அது மின்னை எளிதிற் கடத்தும். கறள் பிடித்தல் ஒரு மின்னிரசாயன மாற்றமாதலால் அதன் வேகம் கூடிவிடுகிறது. மேலும், கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. மழையில்லாத இரவிலும் காரின் தகடு ஈரமாய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தோன்றிய கறளோ தான் அரித்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பது. அதனால் அது வர்ணத்தை உள்ளிருந்து தள்ளி வெடிக்கச் செய்கிறது. வெளியே சிறு கொப்புளம் போலத் தெரியும் இடத்தில், உள்ளே தகடு ஓட்டையாகி இருப்பதுண்டு.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று கண்ணாடிக் குவளைகளில் மூன்று புதிய இரும்பாணிகளை இடுக. ஒன்றில் கொதிக்க வைத்து ஆற்றிய நீரை ஊற்றி மேலே தேங்காயெண்ணெய் மிதக்க விடுக. மற்றொன்றில் வெறும் நீர், மூன்றாவதில் கடல்நீர். ஒரு வாரம் கழித்து மூன்று ஆணிகளையும் தந்தையாரின் முன் வைத்தால், கார் கழுவுவதற்கு வேறு உபதேசம் தேவைப்படாது.

உப்புக்கு மருந்து நல்ல தண்ணீர். இதிலே ‘நல்ல’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். அதைக் கொண்டு காரைக் கழுவி வெயிலில் காய விடுவது, உப்பைக் கழுவுவதாகாது, புதிதாகப் பூசுவதாகும். குழாய்த் தண்ணீரோ, மழைநீரோ, நல்ல கிணற்று நீரோ ஒரு வாளி கிடைத்தாலும் அதுவே மேல். வாரம் ஒருமுறை கழுவுதல் நன்று. ஆனால் பளபளக்கும் மேற்பாகத்தை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்துவதிற் பயனில்லை. சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவுகள், அடித்தட்டு, கதவுகளின் அடிவிளிம்பு ஆகியவையே உப்பும் சேறும் தங்கும் இடங்கள். நிலாவெளிக் கடற்கரை மணலில் காரை இறக்கியவர்கள், வீடு வந்த அன்றே அடிப்பாகத்தை நீர் பாய்ச்சிக் கழுவிவிட வேண்டும்.

ஒவ்வொரு கதவின் அடியிலும் மழைநீர் வெளியேறுவதற்குச் சிறு துளைகள் உண்டு. முன் கண்ணாடியின் கீழேயுள்ள பள்ளத்திலும் அவ்வாறே. வேப்பமர நிழலில் நிறுத்தப்படும் கார்களில் இத்துளைகளை வேப்பம் சருகு அடைத்துக்கொள்ளும். நீர் உள்ளே தேங்கும். கதவு உள்ளிருந்தே உக்கும். ஓர் ஈர்க்கு அல்லது மெல்லிய குச்சி கொண்டு மாதம் ஒருமுறை குத்திவிட்டால் போதும். இவ்வேலை சிறுவர்களுக்கு மிகப் பிடித்தமானதாகவும் இருக்கக் காண்கிறோம்.

திருகோணமலைக்கே உரிய வேறொரு கேடும் உண்டு. அது மீன். இங்கு வருகிற உறவினர்கள் ஊர் திரும்பும்போது, பனிக்கட்டி இட்ட பெட்டியிலே பாரையும் அறுக்குளாவும் வாங்கிப் பின்பெட்டியில் ஏற்றிச் செல்லுதல் வழக்கம். பனிக்கட்டி உருகி, மீனின் உப்பு நீரோடு கலந்து, விரிப்பின் அடியில் இறங்கும். வீட்டிலே சில நாள் மணத்தைப் பற்றிப் பேசுவார்கள், பின்பு மறந்துவிடுவார்கள். அந்த நீர் மறப்பதில்லை. மேலதிகச் சக்கரம் வைக்கும் குழி கறள் பிடித்துக் கிடக்கும் கார்களிற் சிலவற்றின் சரித்திரம் இத்தகையதே. பெட்டியின் கீழே தடித்த பொலித்தீன் விரிப்பதும், ஊர் போய்ச் சேர்ந்ததும் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும் பெரிய சிரமங்கள் அல்ல.

காரை மூடி வைக்கும் பிளாஸ்ரிக் உறையைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. காற்றுப் புகாத உறை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். நாற்புறமும் காற்றோட்டமுள்ள கொட்டிலே அதனினும் நல்லது.

இனி எஞ்சினுக்குள் செல்வோம். எஞ்சின் ஒயில் உராய்வைக் குறைப்பது மட்டுமன்று. வெப்பத்தைக் கடத்துகிறது, அழுக்கைத் தன்னுள் ஏந்துகிறது, உள்ளிரும்பைக் கறளினின்றும் காக்கிறது. ஒயில் கறுத்துவிட்டது, ஆதலால் கெட்டுவிட்டது என்று சிலர் அஞ்சுவார்கள். அழுக்கை ஏந்தும் தன்மை கொண்ட ஒயில் கறுப்பது அதன் கடமையைச் செய்வதற்கு அடையாளம். அஞ்ச வேண்டியது பால் கலந்த தேநீர் போன்ற நிறத்துக்கு. நீர் உள்ளே கலந்திருக்கிறது என்பது அதன் பொருள். அதன் பின் காரை ஓட்டாமல் கராஜுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

கார் குறைவாக ஓடினால் ஒயிலும் குறைவாகத்தான் கெடும் என்பது பரவலான எண்ணம். உண்மை இதற்கு மாறானது. வீட்டிலிருந்து சந்தைக்கு இரண்டு கிலோமீற்றர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிலோமீற்றர் என்று மட்டும் ஓடும் காரின் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. எரிதலின்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெற்றோலும் ஒயிலில் தங்கி, அதை நீர்த்துப் போகச் செய்கின்றன. எனவே கிலோமீற்றர்க் கணக்கு நிரம்பாவிட்டாலும், கைந்நூல் குறித்த மாதக் கணக்கு நிரம்பினால் ஒயிலையும் அதன் பில்டரையும் மாற்ற வேண்டும். சாதாரண ஒயிலுக்கு 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது, என்பது இங்குள்ள வழக்கம். வாரம் ஒருமுறை, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழிந்தபின் அளவுக்கோலை உருவிப் பார்த்தல் வேண்டும். இரு கோடுகளுக்கும் இடையே நின்றால் நன்று. மேற்கோட்டைத் தாண்ட ஊற்றுவதும் தீமையே.

தடித்த ஒயில் எல்லா எஞ்சினுக்கும் பாதுகாப்பு என்று நினைத்துப் புதிய ஜப்பானிய கார்களுக்கும் அதையே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மொறிஸ் மைனருக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். நுண்ணிய இடைவெளிகளோடு அமைக்கப்பட்ட இன்றைய எஞ்சினுக்கு, கைந்நூல் 0டபிள்யூ-20 என்று சொன்னால் அதையே ஊற்ற வேண்டும். இந்த விடயத்தில் அயல்வீட்டாரின் அனுபவத்தைவிட அச்சிட்ட நூலே மேலானது. நம் மாவட்டத்துக்கு ஒயில் எங்கிருந்தோ வரும் அந்நியப் பொருளும் அன்று, லங்கா ஐ.ஓ.சி.யின் மசகெண்ணெய்க் கலப்பு ஆலை இருப்பது திருகோணமலையிலேதான்.

சித்திரை, வைகாசியில் தொடங்கும் வெப்பமும், அதன்பின் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் கார்களுக்குச் சோதனைக் காலம். கச்சான் தூசியைக் கொண்டுவரும். காற்று பில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒளி தெரியாவிட்டால் மாற்றுக. றேடியேற்றருக்குக் கிணற்று நீரை ஊற்றும் பழக்கம் அறவே விடத்தக்கது. அதிலுள்ள சுண்ணாம்பு குழாய்களுக்குள் படியும். உப்பு அலுமினியத்தை அரிக்கும். கூலன்ற் என்பது குளிர்நாட்டாருக்கு உறையாமல் இருப்பதற்காக மட்டுமே என்று எண்ணலாகாது. அதிலே அரிப்பைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. கொதிநிலையையும் அது உயர்த்துகிறது. றேடியேற்றர் மூடியும் வெறும் மூடியன்று. அது உள்ளே அமுக்கத்தைக் காப்பதனால், 100 பாகையில் கொதிக்க வேண்டிய நீர் 115 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கிறது. சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால், கொதிநீரும் ஆவியும் ஒரே கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சின் ஆறும் வரை காத்திருத்தல் அவசியம். சிறுவர்களை அருகே விடலாகாது. றப்பர்க் குழாய்களை, கார் ஆறியிருக்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாய் இறுகியிருந்தாலும் சேறாய் நெகிழ்ந்திருந்தாலும் அவற்றின் காலம் முடிந்தது.

இதுவரை கூறியவற்றைப் பிழைவிட்டால் பணம் போகும். பிறேக்கில் பிழைவிட்டால் உயிர் போகும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடலோரத்திலே ஈரத்துக்குக் குறைவில்லை. டொட் 3 எனப்படும் வகை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காது. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அதே எண்ணெய் ஏறத்தாழ 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கலாம். திருகோணமலை நகரின் சமதரையில் இவ்வேற்றுமை ஒருநாளும் தெரிய வராது. ஏப்ரில் விடுமுறைக்குக் குடும்பத்தோடு நுவரெலியா போய், ரம்பொடைப் பக்கமாக இறங்கும்போதுதான் தெரிய வரும். காலை எடுக்காமல் பிறேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டாகும். குமிழி அழுத்தத்தைக் கடத்தாது. மிதி தரையைத் தொடும், கார் நில்லாது. ஆகவே பார்வைக்குத் தெளிவாய் இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிறேக் எண்ணெயை மாற்றிவிடுக. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்லுக.

கடற்கரையிலே பிறேக்குக்கு வேறொரு தொல்லையும் உண்டு. பட்டைகளைத் தாங்கி நகரும் ஊசிகள் கறளால் இறுகி, ஒரு சக்கரம் பிடிக்கையில் மற்றது பிடியாது போகும். மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால் இதை ஐயுற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சக்கரங்களைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய கிறீஸ் இடச் சொல்லுங்கள். பழைய மொறிஸ் மைனரில் முன்சக்கர மூட்டுகளுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றாதவர்களுக்குச் சக்கரமே மடிந்துபோவதும் உண்டு. ஆதலால் அக்காலத்தவர் காரின் அடியில் அடிக்கடி படுத்தெழுந்தனர். இன்றைய மூட்டுகள் மூடி அடைக்கப்பட்டவை. கிறீஸ் ஏற்ற வேண்டியதில்லை. அதனாலேயே அடிப்பக்கத்தை எவரும் பார்ப்பதுமில்லை. மூட்டை மூடியிருக்கும் றப்பர் கிழிந்தால் உப்பும் மணலும் உள்ளே புகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ரயர்களின் காற்றை இரு வாரத்துக்கு ஒருமுறை, கார் ஓடிச் சூடாவதற்கு முன் அளக்க வேண்டும். வேண்டிய அளவு சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ரயரின் பக்கத்தில் பொறித்திருப்பது உச்ச அளவு, அதைப் பின்பற்றலாகாது. காற்றுக் குறைந்த ரயர் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கும். அங்கேயே நான்கு இலக்கங்களில் ரயர் பிறந்த காலமும் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம். பாவித்த ரயர் வாங்குகிறவர்கள் பூவைப் பார்ப்பதோடு இதையும் பார்ப்பார்களாக. மேலதிகச் சக்கரத்துக்கும் காற்று வேண்டும் என்பது, ஹபரணைக் காட்டில் நிற்கும்போதுதான் பலருக்கு நினைவு வருகிறது.

பற்றறியின் முனைகளில் வெண்பச்சைப் பூப் பூத்தால், முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் துலக்கி, உலர்த்தி, வசலீன் பூசுக. மீண்டும் பூட்டும்போது எதிர்முனை கடைசி. வாயைத் திறந்து நீர் விடும் வகையாயின் வடித்த நீரே விட வேண்டும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு ஒரு சொல். அதன் பெரிய பற்றறியைக் குளிர்விக்கும் காற்று, பல கார்களில் பின் ஆசனத்தின் அருகேயுள்ள ஒரு துவாரத்தின் வழியாகவே செல்கிறது. அங்குள்ள வலையில் தூசி அடைந்தால் பற்றறி வெந்து ஆயுள் குறையும். அதன் விலையைக் கேட்டவர்கள் வலையைத் துடைக்க ஒருபோதும் சோம்பமாட்டார்கள். அத்துவாரத்தின் மேல் பயணப் பைகளை அடுக்குவதும் ஆகாது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது கார்கள் வாரக்கணக்கில் நின்றன. அப்போது பலர் கண்டுகொண்டது, நிற்பதனாலும் கார் கெடும் என்பது. பற்றறி இறங்கும், பிறேக் தட்டில் கறள் படரும், கைப்பிறேக் இழுத்தபடியே ஒட்டிக்கொள்ளும், எலி வயரைக் கடிக்கும். வெளிநாடு போகும் குடும்பத்தினர், வாரம் ஒருநாள் இருபது நிமிடமாவது காரை ஓட்டிவிடும்படி நம்பகமான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துச் செல்வது நலம்.

ஆயுத பூசையன்று காரைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம், எலுமிச்சம்பழமும் நசுக்குகிறோம். நல்ல வழக்கம். அந்நாள் வருவது பெரும்பாலும் மாரி தொடங்கும் காலத்தை ஒட்டியாதலால், அன்றைக்கே மழைக்கு வேண்டிய ஆயத்தங்களையும் பார்த்துவிடலாம் என்பது நமது கருத்து. கச்சான் வெயிலில் வெடித்த துடைப்பான் றப்பரை மாற்றுதல், விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று வீட்டார் ஒருவரை வெளியே நிறுத்திப் பார்த்தல், ரயரின் பூ தேய்ந்ததா என்று நோக்குதல் ஆகியவை அவை. வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்ராட் பண்ணவே கூடாது. நீர் நெருங்காத பொருள். சிலிண்டருக்குள் அது புகுந்திருந்தால் எஞ்சினின் தண்டு வளைந்துவிடும்.

றப்பராலான ரைமிங் பெல்ற் உள்ள கார்களில், கைந்நூல் குறித்த தூரத்தில் அதை மாற்றியே ஆக வேண்டும். பல கார்களுக்கு இது 100000 கிலோமீற்றர். அறுவதற்கு முன் அது ஓசை ஏதும் காட்டாமலிருப்பதுண்டு. அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்ரனும் மோதும். பாவித்த கார் வாங்கியவர்களுக்கு முன்னவர் அதை மாற்றினாரா என்பது தெரிவதில்லை. இதற்காகவே ஒரு கொப்பி வேண்டும் என்கிறோம். நாற்பது பக்கக் கொப்பி போதும். திகதி, கிலோமீற்றர், செய்த வேலை, மாற்றிய பொருள், கொடுத்த பணம் ஆகிய ஐந்து நிரல்கள். வீட்டில் அழகாக எழுதும் பிள்ளை ஒன்று இருக்குமே, அதனிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த ஒயில் மாற்றம் எத்தனையாவது கிலோமீற்றரில் என்பதைச் சிவப்பு மையினால் எழுதிவைத்து, கொப்பியைக் காரிலேயே வைத்துவிடுங்கள். கராஜுக்குப் போகும்போது மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான்.